பால் அறையின் சிங்க்: பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஒரு கிளெப்சியெல்லா பரவலும் மரபணு வரிசையாக்கமும்

இந்தப் பதிவில் வரும் மருத்துவமனை, குழந்தைகள், பெற்றோர், ஊழியர் எவருடைய பெயரும் சொல்லப்படவில்லை. முதல் குழந்தையின் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பாசிட்டிவ் ஆன நாளை முதல் நாளாகக் கொண்டு மற்ற நாள்கள் எண்ணப்பட்டுள்ளன. அப்போது நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விசாரணையில் சரியாக நடந்தவற்றில் எனக்குப் பங்கு உண்டு. தவறாக நடந்ததிலும் என் கையொப்பம் உண்டு.

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள நடுத்தர அளவிலான மருத்துவமனை அது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டப் பகுதிகளில் இருந்தும், குளச்சல் முதல் தேங்காய்ப்பட்டணம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் இருந்தும் குறைமாதக் குழந்தைகள் அங்கே கொண்டுவரப்படுவார்கள். ஒருபுறம் திருவனந்தபுரமும் மறுபுறம் திருநெல்வேலியும் எட்டும் தூரத்தில் இருப்பதால், பிறந்த ஒரு வாரத்துக்குள் ஒரே குழந்தை இரண்டு மூன்று மருத்துவமனைகளைக் கடந்து வருவது இங்கே அரிதல்ல. நாங்கள் பார்த்த பரவலைப் புரிந்துகொள்ள இந்த விவரம் முக்கியமானது.

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 படுக்கைகள் இருந்தன. அதே மருத்துவமனையில் பிறந்தவர்களுக்கான இன்பார்ன் அறையில் ஏழு. வெளியிலிருந்து வருபவர்களுக்கான அவுட்பார்ன் அறையில் ஐந்து. இரண்டு அறைகளுக்கும் வார்மர், வெண்டிலேட்டர், சக்‌ஷன் கருவி எல்லாம் தனித்தனி. செவிலியர் பணிப்பட்டியலும் பெரும்பாலும் தனித்தனி. மூத்த செவிலியர் சிலர் மட்டும் இரண்டிலும் பணி செய்தார்கள். இரண்டுக்கும் நடுவே, இருபுறமும் கதவு வைத்த ஒரு சிற்றறை இருந்தது. தாய்மார் பீய்ச்சிக் கொடுத்த பாலை அளந்து பிரிப்பதும், பாலாடைகளை (குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்குள்ள சிறு கிண்ணங்களை) கழுவி வைப்பதும், பாலை வெதுவெதுப்பாக்குவதும் அங்கேதான். அதைப் பால் அறை என்போம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வரைபடத்தில் அந்த அறை ஒரு கிடங்காகத்தான் குறிக்கப்பட்டிருந்தது.

கிளெப்சியெல்லா நிமோனியே மனிதக் குடலில் சாதாரணமாக வாழக்கூடிய பாக்டீரியா. ஈரமான இடம் எதையும் அது விடாது. குறைமாதக் குழந்தையின் குடலில் இருந்தோ, சிரையில் செருகிய குழாய் வழியாகவோ அது ரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால், சில மணி நேரத்தில் குழந்தையின் நிலை தலைகீழாகிவிடும். வேறு மருந்துகள் பலிக்காதபோது கொடுக்கப்படும் மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகளுக்கும் கட்டுப்படாத கிளெப்சியெல்லாவை, உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட முன்னுரிமை பாக்டீரியாப் பட்டியலில் முதலிடத்தில் வைத்திருக்கிறது. நாங்கள் எதிர்கொண்டது அந்த வகையைத்தான்.

முதல் 13 நாள்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருந்த ஐப்பசி மாதம். 30 வாரத்தில் பிறந்து எட்டு நாளான ஒரு குழந்தைக்கு இரவில் மூச்சு நின்று நின்று வரத் தொடங்கியது. கொடுத்த பால் செரிக்காமல் வயிறு உப்பியது. குழந்தை ‘அ’ என்று குறிப்பேன். ரத்தக் கல்ச்சரில் மெரோபெனத்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா வளர்ந்தது. கொலிஸ்டின் என்ற வேறு மருந்துக்கு மாற்றியும் மூன்றாம் நாள் அந்தக் குழந்தை இறந்துவிட்டது.

நான்காம் நாள் அதே இன்பார்ன் அறையில் குழந்தை ‘ஆ’. ஆறாம் நாள் அவுட்பார்ன் அறையில் குழந்தை ‘இ’. ஒன்பதாம் நாள் வேறொரு மருத்துவமனையில் இருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தை ‘ஈ’ வந்து சேர்ந்தது. சேர்ந்த முதல் மணி நேரத்தில் எடுத்த ரத்தத்திலேயே கிளெப்சியெல்லா வளர்ந்தது. பதினோராம் நாள் இன்பார்ன் அறையில் குழந்தை ‘உ’. பதின்மூன்றாம் நாள் அவுட்பார்ன் அறையில் குழந்தை ‘ஊ’. இந்தக் குழந்தை நான்கு நாள் போராடி இறந்தது.

ஆறு குழந்தைகளில் ஐவருடைய சென்சிட்டிவிட்டி முடிவு, அதாவது கிருமி எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற சோதனை முடிவு, வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. ‘உ’ மட்டும் விலகி நின்றது; அதன் கிளெப்சியெல்லா மெரோபெனத்துக்குக் கட்டுப்பட்டது. ஆகவே ஐவர் ஒரே பரவலைச் சேர்ந்தவர்கள், ‘உ’ தற்செயலாக நேர்ந்த தனித் தொற்று என்று நாங்கள் எழுதிவைத்தோம். அன்று கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவாகவே தோன்றியது. பின்னர் தெரியவந்தபடி, ஆறு பேரில் இருவரை நாங்கள் மாற்றி வைத்திருந்தோம்.

முதல் விசாரணையும் அதன் முடிவும்

தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு பத்தாம் நாள் கூடியது. இன்குபேட்டர், வார்மர், வெண்டிலேட்டர் குழாய்கள், சக்‌ஷன் பாட்டில், திறந்த சலைன் பாட்டில்கள், சோப்புக் கரைசல் என்று கண்ணில் பட்டவற்றில் எல்லாம் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி) எடுத்தோம். எதிலும் கிளெப்சியெல்லா இல்லை. இரண்டு அறைகளுக்கும் பொதுவான கருவி ஒன்றுகூட இல்லை என்பதால், பொதுவாக இருந்த மனிதர்களின் மேல் எங்கள் பார்வை திரும்பியது. பதினோராம் நாள் ஊழியர் 19 பேரின் கைகளில் ஸ்வாப் எடுத்தோம்.

மூத்த செவிலியர் ஒருவரின் கையில் கிளெப்சியெல்லா வளர்ந்தது. சென்சிட்டிவிட்டியும் குழந்தைகளுடையதோடு ஒத்துப்போனது. பணிப்பட்டியலைப் பார்த்தால் ‘அ’, ‘ஆ’, ‘இ’ மூவரும் நோயுறுவதற்கு முந்தைய இரவுகளில் அவர் பணியில் இருந்திருக்கிறார். இரண்டு அறைகளிலும் வேலை பார்த்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் மாலை, மறு உத்தரவு வரும்வரை அவரை விடுப்பில் இருக்கச் சொல்லும் கடிதம் தயாரானது. அதில் மூன்று கையொப்பங்கள், ஒன்று என்னுடையது.

இரவுப் பணியில் அதிகமாக இருப்பவர் எல்லாக் குழந்தைகளின் பட்டியலிலும் இடம்பெறுவது இயல்பு. நோயுறாத குழந்தைகளின் இரவுகளிலும் அவர் இருந்தாரா என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தத் தொடர்பு அன்றைக்கே வலுவிழந்திருக்கும். தொற்று உள்ள குழந்தையைக் கையாண்ட கையில் சிறிது நேரம் அந்தக் கிருமி ஒட்டியிருப்பதும் புதிதல்ல. இவை எங்களுக்குத் தெரியாதவை அல்ல. இறந்துபோன ஒரு குழந்தையும், வாசலில் நிற்கும் பெற்றோரும், ஏதாவது செய்யுங்கள் என்ற நிர்வாகத்தின் நெருக்கடியும் சேர்ந்தபோது, தெரிந்ததை நாங்கள் நினைவில் கொள்ளவில்லை.

வரிசையாக்கத்துக்கு அனுப்பியது ஏன்

அவர் விடுப்பில் போன பிறகு, பதினான்காம் நாள் இரண்டு குழந்தைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். பதினேழாம் நாள் எல்லாக் குழந்தைகளுக்கும் மலவாய் ஸ்வாப் எடுத்தபோது அந்த இருவருடைய குடலிலும் அதே சென்சிட்டிவிட்டி உள்ள கிளெப்சியெல்லா குடியேறியிருந்தது. அவர்கள் அந்தச் செவிலியரைக் கண்டதே இல்லை. எங்கள் விளக்கம் அத்துடன் தகர்ந்தது.

அன்றே இரண்டாம் சுற்றுச் சூழல் ஸ்வாப் எடுத்தோம். இம்முறை ஈரமான இடங்கள் அனைத்தும் சேர்ந்தன. பால் அறைச் சிங்கின் அடியில் உள்ள வளைகுழாய், பாலாடைகளை உலர வைக்கும் தட்டு, இன்பார்ன் அறையில் கை கழுவும் வாஷ்பேசின் ஆகிய மூன்றிலும் கிளெப்சியெல்லா வளர்ந்தது. மூன்றின் சென்சிட்டிவிட்டியும் ஒன்றுதான். கழிவுநீர்க் குழாயில் கிளெப்சியெல்லா இருப்பது வியப்பல்ல. எந்த மருத்துவமனையின் சிங்கில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்கும். அது குழந்தைகளின் ரத்தத்தில் இருந்ததுதானா என்பதே கேள்வி. சென்சிட்டிவிட்டியால் அதற்கு விடை சொல்ல முடியாது.

காரணத்தை விளக்க ஓர் உவமை சொல்கிறேன். இம்மாவட்டத்தில் வர்ம வைத்திய ஏடுகளைத் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிய குடும்பங்கள் உண்டு. எழுதுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரிரு எழுத்துப் பிழைகள் நேரும். அந்த ஏட்டைப் பார்த்து எழுதுபவர் அதே பிழைகளையும் சேர்த்தே எழுதுவார். இரண்டு ஏடுகளில் வேறெங்கும் இல்லாத ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டில் இருந்து வந்தவை என்று சொல்லிவிடலாம். கிளெப்சியெல்லாவின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 55 லட்சம் எழுத்துகள். அவற்றை வரிசையாகப் படிப்பதுதான் மரபணு வரிசையாக்கம். அது பெருகும்போது படியெடுப்பில் நேரும் பிழைகள் ஓர் ஆண்டில் ஒருசில மட்டுமே நிலைத்து நிற்கின்றன. ஆகவே இரண்டு கிருமிகளுக்கு இடையே பத்துக்கும் குறைவான எழுத்து மாற்றங்களே இருந்தால் அண்மையில்தான் அவை பிரிந்தன என்று கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால் அவற்றுக்குள் இந்தப் பரவலைச் சார்ந்த உறவு எதுவும் இல்லை. சென்சிட்டிவிட்டி என்பது ஏட்டின் உறையைப் பார்ப்பது போன்றது. ஒரே உறைக்குள் வெவ்வேறு நூல்கள் இருக்கலாம்; ஒரே நூலுக்கு உறை மாறியும் இருக்கலாம். மருந்தை எதிர்க்கும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் இருப்பதால், ஒரு கிருமி அதை மற்றொன்றுக்குக் கைமாற்றவும் முடியும், தானே இழந்துவிடவும் முடியும்.

செலவைப் பற்றிக் குழுவில் வாதம் எழுந்தது. பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் செய்வதை நாம் செய்வதா என்றார் ஒருவர். 2011-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் 18 நோயாளிகளுக்குப் பரவிய கிளெப்சியெல்லாவை வரிசையாக்கத்தால் தொடர்ந்து சென்றபோது, யாரும் ஊகித்திராத பரவல் வழிகள் வெளிப்பட்டதையும், அங்கும் சிங்க் கழிவுக்குழாய்களில் அதே கிருமி கிடைத்ததையும் நான் எடுத்துச் சொன்னேன். அதே ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும், மருந்துக்குக் கட்டுப்படாத வேறொரு பாக்டீரியா பரவியபோது, ஊழியர் ஒருவர் அறியாமலே அதைச் சுமந்திருந்ததை வரிசையாக்கம் காட்டியது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எங்கள் செவிலியர் விஷயத்தில் விடை எந்தப் பக்கமும் விழக்கூடும் என்று குழு அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மொத்தம் 14 மாதிரிகளைத் தேர்ந்தோம். குழந்தைகளின் ரத்தத்தில் இருந்து ஆறு, மலவாய் ஸ்வாப்பில் இருந்து இரண்டு, செவிலியரின் கையில் இருந்து ஒன்று, உலர்த்தும் தட்டில் இருந்து ஒன்று, வாஷ்பேசினில் இருந்து ஒன்று. வளைகுழாயில் இருந்து மட்டும் மூன்று வெவ்வேறு காலனிகள் (கல்ச்சரில் தனித்தனியாக வளர்ந்த கிருமித் திட்டுகள்). அங்கே கிருமி நெடுங்காலம் வாழ்ந்திருந்தால் அதற்குள்ளேயே சிறு வேறுபாடுகள் சேர்ந்திருக்கும் என்பதற்காகவே மூன்று எடுத்தோம். கசியாத மூன்றடுக்கு உறையில் அடைத்துப் பதினெட்டாம் நாள் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். முடிவு முப்பத்து மூன்றாம் நாள் வந்தது.

காத்திருந்த 15 நாள்கள்

முடிவு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வெளியிலிருந்து புதிய குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்தி, மாவட்டச் சுகாதார நிர்வாகத்துக்குத் தெரிவித்தோம். கிருமி குடியேறிய குழந்தைகளைத் தனி அறையில் தனிச் செவிலியர் பொறுப்பில் வைத்தோம். நிலைமை சீரான குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைக்கும் கங்காரு பராமரிப்புக்கு விரைவாக மாற்றினோம். மூன்று சிங்குகளிலும் தினமும் இரவு பிளீச்சிங் கரைசல் ஊற்றினோம். இரண்டு நாள் ஸ்வாப் சுத்தமாக வந்தது. ஊற்றத் தொடங்கிய ஐந்தாம் நாள் கிருமி மீண்டும் வளர்ந்தது. குழாயின் உட்சுவரில் பாசிபோலப் படிந்திருக்கும் படலத்துக்குள் கிருமி பதுங்கியிருக்கும்போது மேலே ஊற்றுவது அதைத் தற்காலிகமாக அடக்குமே தவிர அழிக்காது. இந்த இடைவெளியில் மேலும் ஒரு குழந்தையின் குடலில் கிருமி குடியேறியது; நல்லவேளையாக ரத்தத்துக்குப் பரவவில்லை.

இரண்டு அறைகளின் தரையையும் பெயர்த்துக் கழிவுக்குழாய்கள் அனைத்தையும் மாற்றுவது என்ற திட்டமும் ஆலோசனையில் இருந்தது. அதற்குப் பிரிவை மூன்று வாரமாவது மூட வேண்டியிருக்கும். அந்தக் குழந்தைகள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு எவரிடமும் பதில் இல்லை.

வரிசை காட்டியது

‘அ’, ‘ஆ’, ‘இ’, ‘உ’, ‘ஊ’ ஆகிய ஐந்து குழந்தைகளின் ரத்தக் கிருமிகளும், மலவாய் ஸ்வாப் இரண்டும், பால் அறை வளைகுழாயின் மூன்று காலனிகளும், உலர்த்தும் தட்டில் கிடைத்ததும் ஒரே கொத்து. எந்த இரண்டை எடுத்து ஒப்பிட்டாலும் ஒன்பது எழுத்துகளுக்கு மேல் வேறுபாடு இல்லை. மரபணு வரிசையை வைத்து எண்ணிட்ட வகைகளில், தென்னிந்திய மருத்துவமனைகளில் பலமுறை பதிவாகியுள்ள எஸ்.டி. 231 வகை அது. மெரோபெனத்தை எதிர்க்கும் ஓஎக்ஸ்ஏ-232 மரபணு ஏறத்தாழ 6,000 எழுத்துகளே கொண்ட ஒரு சிறு பிளாஸ்மிடில் இருந்தது. ‘உ’-வின் கிருமியில் அந்தச் சிறு வளையம் மட்டும் இல்லை. மற்றபடி அது அசல் உடன்பிறப்பு. நாங்கள் தனித் தொற்று என்று ஒதுக்கியது, பரவலின் நடுவிலேயே இருந்திருக்கிறது.

‘ஈ’-யின் கிருமி எஸ்.டி. 147 என்னும் வேறு வகை. கொத்தில் இருந்து ஆயிரக்கணக்கான எழுத்துகள் விலகியது. செவிலியரின் கையில் கிடைத்ததும் அதேதான். ‘ஈ’-யுடையதற்கும் அதற்கும் ஒரே ஓர் எழுத்து மாற்றம். யாரிடமிருந்து யாருக்கு என்பதை வரிசை மட்டும் சொல்லாது. பதிவேடு சொன்னது: ‘ஈ’-யின் ரத்தம் ஒன்பதாம் நாள் பகலில், வந்து சேர்ந்த உடனேயே எடுக்கப்பட்டது; செவிலியர் அந்தக் குழந்தையை முதன்முதலாகக் கவனித்தது பத்தாம் நாள் இரவில்; ஸ்வாப் எடுத்தது பதினோராம் நாள் காலையில். குழந்தையிடமிருந்துதான் அவர் கைக்கு வந்திருக்கிறது. அவர் கையிலிருந்த கிருமி, நோயுற்ற மற்ற ஐந்து குழந்தைகளில் ஒருவரிடமும் இல்லை.

இன்பார்ன் அறையின் வாஷ்பேசினில் இருந்தது மூன்றாவதான வேறொரு வகை. எந்தக் குழந்தையோடும் அதற்கு உறவில்லை. தரையைப் பெயர்க்கும் திட்டம் அன்றே கைவிடப்பட்டது.

வளைகுழாயின் மூன்று காலனிகளுக்குள் இருந்த வேறுபாடு, ஐந்து குழந்தைகளுக்குள் இருந்ததைவிட அதிகம். குழந்தைகளின் கிருமிகள் அந்தக் குழாயின் கிருமிக் குடும்பத்துக்குள் கிளைகளாக அமர்ந்தன. குழாய்தான் பழைய இருப்பிடம் என்பதற்கு இது வலுவான குறிப்பு. ஆனால் குழாயில் இருந்து குழந்தையின் வாய்வரை அது எப்படிப் போனது என்பதை எந்த வரிசையாலும் காட்ட முடியாது. அதற்கு அந்த அறையில் போய் உட்கார வேண்டியிருந்தது.

பால் அறையில் ஓர் இரவு

முப்பத்து நான்காம் நாள் இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை அங்கே இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கும் வேளை வரும். பாலாடைகளைச் சோப்பில் கழுவி, அலசி, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, இடுக்கியால் எடுத்துத் தட்டில் கவிழ்க்கிறார்கள். குறைசொல்ல ஒன்றுமில்லை, ஒழுங்காகவே செய்தார்கள். அந்தத் தட்டு சிங்கின் விளிம்பில் இருந்து ஒரு சாண் தொலைவில் கருங்கல் மேடைமேல் இருந்தது. குழாயின் வாய் கழிவுத் துளைக்கு நேர் மேலே. குழாயைத் திறந்தால் நீர் நேராகத் துளையில் அறைந்தது. அடியில் நீர் இறங்காமல் தேங்கியிருந்ததால் சத்தமே வேறு மாதிரி கேட்டது.

ஆய்வகத்தில் இருந்து கொண்டுபோயிருந்த மெத்திலீன் நீலச் சாயத்தைக் கழிவுத் துளையில் ஊற்றினேன். மேடை முழுவதும் வெள்ளை வடிதாள் பரப்பி, குழாயை வழக்கம்போல் அரை நிமிடம் திறந்து மூடினேன். தட்டு இருந்த இடத்தில் நீலப் புள்ளிகளை எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் நிறுத்திவிட்டேன். கடைசிப் புள்ளி ஒரு முழத்துக்கும் அப்பால் இருந்தது. சிங்கில் இருந்து தெறிக்கும் துளிகள் ஒரு மீட்டர் வரை போகும் என்று படித்திருந்தேன். கொதிக்க வைத்துச் சுத்தமாக்கிய பாலாடையின் மூக்கில் ஒரு நீலத்துளி வழிந்து நின்றதைப் பார்த்தபோதுதான் அந்தச் செய்தி எனக்கு உறைத்தது. பணியில் இருந்த இளம் செவிலியர் அருகில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

எடுத்த நடவடிக்கைகள்

மறுநாள் காலையிலேயே பால் அறைச் சிங்க் அடைக்கப்பட்டது. பால் அளப்பதும் பிரிப்பதும் குழாயே இல்லாத வேறோர் அறைக்கு மாறின. பாலாடைகளைக் கொதிக்க வைத்த பாத்திரத்திலேயே, நீரை வடித்துவிட்டு, மூடியோடு வைத்திருந்து பயன்படுத்தும் நேரத்தில் எடுக்கும் முறை வந்தது. உலர்த்தும் தட்டு நீக்கப்பட்டது. பால் பாத்திரத்தை நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குவதும் நிறுத்தப்பட்டது. அடைத்த சிங்கின் வளைகுழாயை மட்டும் மாற்றினால் போதாது என்று, சுவருக்குள் செல்லும் குழாய்ப் பகுதியும் அகற்றப்பட்டது. வெட்டியெடுத்த குழாயின் உள்ளே, பால்கொழுப்பும் பழுப்பு நிறப் படலமும் சேர்ந்து, விரல் நுழையும் அளவுக்கே வழி மிஞ்சியிருந்தது.

‘ஈ’-யை அனுப்பிய மருத்துவமனைக்கு அவர்களிடம் எஸ்.டி. 147 இருக்கக்கூடும் என்று எழுதினோம். இது குற்றச்சாட்டு அல்ல, தகவல் என்பதை முதல் வரியிலேயே சொன்னோம்.

பின் நடந்தவை

எட்டு வாரம் வாரந்தோறும் மலவாய் ஸ்வாப் எடுத்தோம். கொத்தைச் சேர்ந்த கிருமி எந்தப் புதிய குழந்தையிடமும் வரவில்லை. ‘ஆ’, ‘இ’, ‘ஈ’, ‘உ’ நால்வரும் வீடு திரும்பினார்கள்.

பெற்றோரிடம் பேசியது கடினமான பகுதி. ‘ஊ’-வின் தாய் தன் பாலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார். குழந்தை இறந்த பிறகும் அந்த எண்ணம் அவரை விடவில்லை. “எம் பாலுதான் சேரல்லியா டாக்டர்?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். நாங்கள் பால் அறை, பால் வழிப் பரவல் என்று எங்களுக்குள் பேசிக்கொண்ட சொற்கள் வராந்தா வரை போயிருக்கின்றன. தாய்ப்பாலில் குற்றமில்லை, எங்கள் சிங்கின் நீர்தான் காரணம் என்று அவருக்கும் அவர் கணவருக்கும் தாளில் படம் வரைந்து விளக்கினேன். இந்த விளக்கத்தை மரபணு முடிவுக்காகக் காத்திருந்து தாமதப்படுத்தியிருக்க வேண்டியதில்லை. பால் மீது எங்களுக்கு ஐயமே இருக்கவில்லை. அதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

செவிலியருக்குக் கொடுத்த கடிதம் எழுத்துமூலம் திரும்பப் பெறப்பட்டது. அவருடைய பணிப்பதிவில் அதன் சுவடு இல்லாமல் பார்த்துக்கொண்டோம். நான் அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “நான் அந்தக் குழந்தையத் தூக்கினது உண்மதான் டாக்டர். அன்னைக்கு ராத்திரி அஞ்சு பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி. ஆனா அந்த சிங்குல தண்ணி எறங்கல்லன்னு நான் எழுதி வச்சிருந்தேனே, பாத்தீங்களா?” என்றார். பராமரிப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். ‘அ’ நோயுறுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு தொடங்கி மூன்று முறை, அவருடைய கையெழுத்தில், “பால் அறை சிங்க் தண்ணீர் இறங்கவில்லை” என்று இருந்தது. மூன்றாவது பதிவின் அருகே, மழைக்காலம் என்பதால் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று வேறொருவர் எழுதி, முடிந்ததாகக் குறியிட்டிருந்தார். எங்கள் விசாரணையில் அந்தப் பதிவேட்டை யாரும் திறக்கவே இல்லை.

இனி மாற்றியவை, மாற்ற வேண்டியவை

ஊழியரின் கைகளில் மொத்தமாக ஸ்வாப் எடுப்பதை நிறுத்திவிட்டோம். நோயுற்ற குழந்தைகளையும் நோயுறாத குழந்தைகளையும் ஒப்பிட்டு ஒருவர்மேல் ஐயம் வலுப்பட்டால் ஒழிய அதைச் செய்வதில்லை. செய்தாலும், வரிசையாக்க முடிவு வருமுன் எவரும் பணியில் இருந்து விலக்கப்படுவதில்லை. பராமரிப்புப் பதிவேடு இப்போது தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் மாதக் கூட்டத்தில் மேசைமேல் இருக்கிறது. நீர் இறங்காத சிங்க், ஒழுகும் குழாய், ஈரம் கசியும் கூரை எதுவானாலும் அது தொற்றுச் செய்தியாகவே வாசிக்கப்படுகிறது. அவுட்பார்ன் அறையில் இரவுக்கு ஒரு செவிலியர் கூட்டப்பட்டுள்ளார், இரண்டு தேவை.

15 நாள் என்பது நீண்ட காலம். இரண்டு குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் ஒரே வகைக் கிருமி வந்தால், மூன்றாவதற்குக் காத்திராமல் அந்த வாரமே அனுப்புவது என்று முடிவு செய்துள்ளோம். நாங்கள் பதினெட்டாம் நாளுக்குப் பதில் ஐந்தாம் நாள் அனுப்பியிருந்தால் முடிவு இருபதாம் நாள் வந்திருக்கும். ‘ஊ’ அதற்கு முன்பே இறந்துவிட்டது என்பதால் அந்தக் குழந்தையை அது காப்பாற்றியிருக்காது. முதல் வாரத்திலேயே ஈரமான இடங்களில் ஸ்வாப் எடுத்து, பதிவேட்டைத் திறந்து, பால் அறைச் சிங்கை ஐயத்தின் பேரிலேயே அடைத்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம். அதற்கு மரபணு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

அந்தக் கிருமி முதன்முதலில் எப்போது, எந்தக் குழந்தையோடு அந்தக் குழாய்க்குள் போனது என்பது விடை கிடைக்காமலே நிற்கிறது. அந்த ஆண்டின் முற்பகுதியில் எங்கள் பிரிவில் வளர்ந்த கிளெப்சியெல்லா கல்ச்சர்களில் ஒன்றாவது இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். சென்சிட்டிவிட்டி எழுதி முடித்ததும் கல்ச்சர் தட்டுகளை, நீராவியால் கிருமிகளை அழிக்கும் ஆட்டோகிளேவில் போட்டுவிடுவது எங்கள் வழக்கமாக இருந்தது. இப்போது ரத்தத்தில் வளரும் ஒவ்வொரு கிருமியும் கிளிசரால் சேர்த்த சிறு குப்பியில், எண்ணும் தேதியும் ஒட்டி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் மூன்றாம் அடுக்கில் வைக்கப்படுகிறது.